குர்பானிக்கு ஆகாத ஆடு

எங்கள் போடியில் ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி, அதை ஒரு பெண்ணின் உடம்பில் வைப்பதுதான். கன்னம் வீங்கியிருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கையில் கட்டு இருந்தால், 'பார்த்து நடக்கக் கூடாதா' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் வீட்டு வாசலில் புதிதாக ஒரு நாய் நின்றால் போதும். அது யாருடையது, எங்கிருந்து வந்தது, என்ன தின்னும், கடிக்குமா என்று பால்காரரில் தொடங்கித் தெருமுனை சலூன் வரைக்கும் விசாரணை நடக்கும். அனுபவத்தில் சொல்கிறேன். அடி தாங்காமல் வீட்டை விட்டுக் கிளம்புகிற பெண்களின் வளர்ப்புப் பிராணிகளைச் சில வருடங்களாக என் வீட்டுக் கொல்லையில் யாருக்கும் தெரியாமல் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். யாருக்கும் தெரியாமல் என்பது என் ஆசை.

நாங்கள் ஏலக்காய் வியாபாரம் செய்கிற ராவுத்தர் குடும்பம். மலையிலிருந்து வருகிற காய் எங்கள் பின்கட்டில்தான் குவியும். சிலமலை, ராசிங்காபுரம் பக்கத்துப் பெண்கள் காலை பஸ்சில் வந்து உட்கார்ந்து, பெரிய காய் தனி, சின்னக் காய் தனி, வெடித்த காய் தனி என்று பொறுக்கிப் போடுவார்கள். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. அதனால் சுற்றுப்பட்டு ஊர்களில் எந்த வீட்டில் எந்தச் சட்டி உடைந்தாலும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுவிடும்.

முதலில் வந்தது ஒரு பூனை. எங்கள் தெருவிலேயே, எங்கள் சொந்தத்திலேயே கட்டிக்கொடுத்த பெண் ஒருத்தி, புருஷனிடம் பட்டது போதும் என்று வெளியே வந்தவள், மறுநாளே திரும்பிப் போய்விட்டாள். பூனையைச் சாக்கில் கட்டிக் கண்மாயில் போட்டுவிடுவேன் என்று அவன் சொல்லியனுப்பினானாம். "ஒரு பூனைக்காகவா போனே?" என்று கேட்டேன். "அது என்னைய நம்பி இருக்கு மாமி" என்றாள். கிறுக்கச்சி என்றுதான் முதலில் நினைத்தேன். அன்று முழுக்க அது மனதை விட்டுப் போகவில்லை. அந்த வீட்டில் அவளை நம்பி இருந்தது அது ஒன்றுதான்.

தேனியில் இப்படிப்பட்ட பெண்களுக்கு உதவுகிற வக்கீலம்மா ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனேன். தங்குகிற இல்லத்தில் பெண்ணுக்கு இடம் உண்டு, பிள்ளைக்கு இடம் உண்டு, பூனைக்கு இடமில்லை என்றார். பூனை என்னிடம் இருக்கட்டும் என்றேன். அவர் போட்டது ஒரே நிபந்தனை. பிராணி எங்கே இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. பிராணி இருக்கிற இடம் தெரிந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பெண்ணை வரவழைத்துவிடுவார்கள்.

பூனையில் சிக்கல் வரவில்லை. பூனை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை, பூனையும் சொல்வதில்லை. அடுத்து வந்த நாயைக் குடோன் காவலுக்கு வாங்கியதாகச் சொன்னேன். அது யாரைப் பார்த்தாலும் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டும். 'நல்ல காவல்தான் பாய்' என்று கடைவீதியே சிரித்தது. என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. யாராவது நாயைப் பற்றிக் கேட்டால் முகம் சிவந்து, ஏலக்காய் விலையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்து வைக்கலாம் என்கிறது ஊர். அந்தக் கல்யாணத்திலிருந்து ஒருத்தி உயிரோடு வெளியே வர ஒரே ஒரு பொய் சொன்னால் மட்டும் அதே ஊருக்குப் பொறுக்காது.

அப்புறம்தான் ஆடு வந்தது.

எங்களிடம் காய் பொறுக்க வந்துகொண்டிருந்த சிலமலைப் பெண் ஒருத்தியின் ஆடு அது. சரியாகச் சொன்னால் அவள் மகளுடைய ஆடு. இரண்டாம் வகுப்பு படிக்கிற அந்தப் பிள்ளைக்குக் காது குத்தியபோது தாய்மாமன் சீரோடு ஒரு கிடாக்குட்டியையும் கொடுத்திருந்தார். கூடப்பிறந்தவர்கள் இல்லாத பிள்ளை அதைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தத் தம்பிக்குத்தான் முதல் சோறு.

அவள் புருஷனுக்கு ஊரில் தங்கமான மனுஷன் என்று பெயர். திருவிழாவுக்குப் பந்தல் போடவும் முதல் ஆள், சாவு வீட்டில் பாடை தூக்கவும் முதல் தோள். வீட்டுக்கு வந்தால் அந்தத் தோளுக்கு வேறு சோலி. ஒரு தடவை அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ராசிங்காபுரத்தில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் போய்ச் சண்டை போடவில்லை. ஆட்டை வாசலில் கட்டி, பக்கத்தில் அரிவாளை வைத்து, போனில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினான். கீழே, 'கறி திங்க வாறீகளா' என்று கேட்டிருந்தான். அந்தப் போட்டோவைப் பிள்ளை பார்த்துவிட்டது. அன்று சாயங்காலமே திரும்பிவிட்டார்கள்.

திரும்பி வந்ததற்கு அவன் கொடுத்த வரவேற்பு, விறகுக்கட்டையால் அவள் வலது கையில் ஒரு போடு. கை ஒடிந்தது. குறுக்கே நின்ற ஆட்டுக்கு இன்னொரு போடு. அதற்குப் பின்னங்கால் ஒடிந்தது. சமாதானம் பேச அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். முன்பும் இரண்டு மூன்று தடவை பேசிச் சேர்த்து வைத்தவர். கட்டுப் போட்ட கையை நன்றாகப் பார்த்துவிட்டு, "கோவத்துல கை ஓங்குறதுதேன் ஆத்தா. அடிக்கிற கைதேன் அணைக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அவள் இடது கையால் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனாராம்.

இதை அவள் பின்கட்டில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் காய் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பொறுக்கி வைத்திருந்த தட்டு அத்தனையையும் கவிழ்த்துவிட்டேன். மற்ற பெண்கள் எல்லாவற்றையும் மறுபடி பொறுக்கினார்கள்.

ஒரு காலையில் அவள், ஆட்டை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டு, பிள்ளையோடும் ஆட்டோடும் ஆட்டோவில் எங்கள் கொல்லைக்கு வந்து இறங்கினாள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், எங்களுக்குக் காய் கொடுக்கிற எஸ்டேட் ஒன்றில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தேன். தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப்பில் தாயும் மகளும் ஏறினார்கள். ஆட்டை மட்டும் ஏற்ற முடியவில்லை. ஏலத்தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குள் ஆடு நுழையக் கூடாது, செடியின் குருத்தைக் கடித்துவிடும். பிள்ளை ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழவில்லை. "தம்பிய அப்பாட்ட குடுத்துறாதீக" என்று என்னிடம் மட்டும் சொன்னது. அந்த ஆடு அவன் கையில் கிடைத்தால் இன்னொரு போட்டோ போதும், தாய் மலையிறங்கி வந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்தால் இந்தத் தடவை கையோடு போகாது என்றும் தெரியும்.

ஆட்டுக்கு என்ன பொய் சொல்வது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் வர இருந்தது. பெருநாளுக்கு முன்னால் ஒரு முஸ்லிம் வீட்டில் ஆடு நின்றால் யார் கேட்கப் போகிறார்கள்? பெருநாளன்று குர்பானியாக அறுக்க வாங்கியது என்று தெருவே தானாக நினைத்துக்கொள்ளும். இவ்வளவு லட்சணமான பொய் எனக்கு அதுவரை அமைந்ததில்லை. என் வீட்டுக்காரர்கூட ஏலக்காய் விலை சொல்லத் தேவையில்லாமல் நிம்மதியாக இருந்தார். ஏலக்காய்த் தோலை மென்றுகொண்டு ஆடும் நிம்மதியாக இருந்தது. எஸ்டேட்டில் டவர் கிடைக்கும்போதெல்லாம் பிள்ளை போனில் கூப்பிட்டு, "தம்பி தின்னானா?" என்று கேட்கும்.

எதிர்வீட்டு அக்கா மாவு அரைக்க கிரைண்டர் கேட்டு வந்தவர், கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"என்னடி, ஆடு நொண்டுது?"

"முள்ளுக் குத்திருச்சுக்கா."

"முள்ளுக் குத்துனா காலு இப்படியா வளையும்? நொண்டி ஆடு குர்பானிக்கு ஆகாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

எனக்கா தெரியாது? குருடு கூடாது, நொண்டி கூடாது, நோஞ்சான் கூடாது, காது அறுந்தது கூடாது. பிறந்ததிலிருந்து கேட்ட சட்டம். என்னைப் பெற்ற அத்தா ஆடு வாங்கப் போனால் அதை நாலு தடவை நடக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் பையில் கை விடுவார். வெட்டப் போகிற ஆட்டைத்தான் அப்படிப் பார்க்கத் தோன்றும். இது வெட்டுகிற ஆடு என்று என் மனது ஒரு நிமிஷமும் நினைக்காததால், நொண்டுகிற ஆட்டைக் குர்பானி ஆடு என்று ஊருக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்து வீட்டில் இந்தப் பொய்யைச் சொன்னால் நம்பியிருப்பார்கள். எங்கள் தெருவில் சொன்னேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வசதியான வீட்டுக்காரி, மலிவாகக் கிடைக்கிறது என்று நொண்டி ஆட்டை வாங்கி அல்லாஹ்வையே ஏமாற்றப் பார்க்கிறாள் என்று பேச்சாகிவிட்டது. கடைவீதியில் என் வீட்டுக்காரரைப் பிடித்து, "என்ன பாய், மூட்டையிலயும் சொத்தைக் காயத்தேன் கலக்குறீகளோ?" என்று கேட்டார்கள். வியாபாரிக்கு அது கேலி இல்லை. அவர் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். உண்மையைச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் எங்கள் மானம் திரும்பிவிடும், அவள் உயிர் போய்விடும். அவரே, "சொல்லிறாத" என்றார். கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு தடவைதான் என்று இப்போதும் சொல்லிக்காட்டுவார்.

பிறகு ஜமாஅத்திலிருந்து ஹாஜியார் ஒருவர் தலைமையில் தூதுக்குழு வந்தது. டீ குடித்தார்கள். ஆட்டைச் சுற்றி வந்தார்கள். வாயைத் திறந்து பல் பார்த்தார்கள். ஹாஜியார் குனிந்து அந்த வளைந்த காலைத் தடவிவிட்டு, "வாயில்லா ஜீவன், எவன் கையில மாட்டுச்சோ" என்று கண் கலங்கினார். நல்ல மனுஷர்தான். பூனைக்காரப் பெண் நான்கு வீடு தள்ளி அடி வாங்கிக் கத்தியபோது இதே தூதுக்குழுவை நான் கூப்பிட்டேன். 'அது குடும்ப விஷயம்' என்று சொல்லிவிட்டார்கள். நொண்டி ஆடு பொது விஷயம்.

பெருநாளுக்கு வேறு ஆடு வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லி அவர்களை அனுப்பினேன். ஆனால் பேச்சு நிற்கவில்லை. காய் பொறுக்கும் பெண்களோடு பஸ் ஏறி அது சிலமலைக்குப் போனது. போடியில் ஒரு பாய் வீட்டில் பின்னங்கால் ஒடிந்த கிடாவை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி அவன் காதில் விழுந்தது. அவனுக்குத் தன் கைவேலை தெரியாதா?

மறுநாள் காலையில் அவன் வந்து நின்றான். கூடவே, முன்பு அவள் போட்ட காப்பியைக் குடித்துவிட்டுப் போன அந்த ஊர்ப் பெரியவர். வெள்ளைச் சட்டையும் நெற்றியில் விபூதியுமாக, நிஜமாகவே தங்கமான மனுஷன் மாதிரிதான் இருந்தான். எதிர்வீட்டு அக்கா வந்தார், ஹாஜியாருக்கு ஆள் போயிற்று, கொஞ்ச நேரத்தில் தெரு கூடிவிட்டது.

"புள்ள வளர்த்த ஆடுங்கய்யா. காணாமப் போனதுல இருந்து தூக்கமில்ல" என்று கண்ணைத் துடைத்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை நான் நேரில் பார்த்தது அன்றுதான். பிள்ளை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பொண்டாட்டி இங்கேதான் காய் பொறுக்கினாள் என்பதை அவனும் சொல்லவில்லை, அவள் வீட்டை விட்டுப் போனதைத் தெருவில் சொல்ல அவன் மானம் இடம் கொடுத்திருக்காது.

ஹாஜியார் நியாயம் தவறாதவர், அதுதான் எனக்குப் பயம். "அடுத்தவர் பொருள் நமக்கு ஹராம்மா. அவரோடதுன்னா குடுத்துரணும். தம்பி, அடையாளம் சொல்லுங்க" என்றார்.

"நெத்தியில வெள்ளை."

"பாதி ஆட்டுக்கு நெத்தியில வெள்ளைதான்" என்றேன்.

"பின்னங்காலு ஒடிஞ்சிருக்கு."

"அதத்தேன் தெருவே பேசுது. இது மலையில பாறையில வழுக்கி விழுந்து ஒடிஞ்ச காலு. விக்க வந்தவுக சொன்னாக."

ஒரு பொம்பளை தன்னை மறுத்துப் பேசுவது அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு வேறு வழி இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒரு தடவை, "ஒங்களுக்கு ஒண்ணும் தெரியல. இது விழுந்து ஒடிஞ்சதுதேன்" என்று அடித்துச் சொன்னேன்.

"யாருக்குத் தெரியல?" என்று ஒரு எட்டு முன்னால் வந்தான். "விழுந்தெல்லாம் ஒடியல. நான்தேன் வெறகுக்கட்டையால ஒரே போடாப் போட்டேன். முட்டிக்குக் கீழ, வெளிப்பக்கம். தொட்டுப் பாருங்க, எலும்பு துருத்திக்கிட்டு இருக்கும்."

பத்திரத்தை நீட்டுகிற மாதிரி நிமிர்ந்து நின்றான். ஹாஜியார் போய்த் தொட்டுப் பார்த்தார். அவன் சொன்ன இடத்தில்தான் இருந்தது.

எதிர்வீட்டு அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ்" என்றார் ஹாஜியார். ஊர்ப் பெரியவர் தலைமுறையாக ஆட்டுக்கிடை போடுகிற குடும்பத்துக்காரர், ஆட்டை மடியில் வைத்து வளர்த்தவர். அவர் முகம் கறுத்துவிட்டது.

"வாயில்லாச் சீவனையாடா?" என்றார் அவனிடம். "ஒன் கை வெளங்குமாடா?"

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவர் கேட்கவில்லை. அது பிள்ளைக்குத் தாய்மாமன் கொடுத்த சீர், இவனுக்கு அதில் பாத்தியதை இல்லை, ஆடு இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னார். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஆட்டையே இந்தப் பாடு படுத்துறவன் வீட்டுக்குப் பொம்பளப் புள்ளைய எப்படி அனுப்புறது? இனி அந்தப் புள்ளைய யாரும் கூப்புடக் கூடாது" என்றார். சிலமலையில் அவர் சொன்னால் சொன்னதுதான். அவன் அவர் பின்னாலேயே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கொல்லைக்குப் போய் ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் கையை எத்தனை பேர் பார்த்தார்கள். அந்தப் பெரியவர் பார்த்தார். காய் வாங்க வந்த வியாபாரிகள் பார்த்தார்கள். எதிர்வீட்டு அக்கா, 'எண்ணெய் போட்டு நீவு' என்று வைத்தியம்கூடச் சொன்னார். ஒரு கைக்குக் கிடைக்காத தீர்ப்பு ஒரு காலுக்கு அரைமணி நேரத்தில் கிடைத்தது. போனில் அவளிடம் சொன்னபோது அவள் சிரிக்கவும் இல்லை அழவும் இல்லை. "இனி வர மாட்டான்ல அக்கா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அன்றிலிருந்து தெருவில் எனக்கு ஏக மரியாதை. வாயில்லா ஜீவனுக்கு அடைக்கலம் கொடுத்தவள் என்று பள்ளிவாசலில் பேசிக்கொண்டார்களாம். ரகசியம் நாறிப்போய்விட்டது. இப்போது குட்டி போட்ட தெருநாய், முட்டை நின்றுபோன கோழி எல்லாவற்றையும் என் வாசலில் விட்டுவிட்டுப் புண்ணியம் கட்டிக்கொள்கிறார்கள். நிஜமாக ஒளிந்து வர வேண்டிய பிராணிகளுக்கு வக்கீலம்மாவும் நானும் வேறு கொல்லை பார்த்திருக்கிறோம். எங்கே என்று எழுத மாட்டேன்.

பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில் அவளுக்கு எஸ்டேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்து டீக்கடைக்குப் பின்னால் சின்னதாக ஒரு வீடு கிடைத்தது. ஆட்டைக் கொண்டுபோக மகளோடு ஜீப்பில் வந்தாள். எப்படித்தான் தெரிந்ததோ, ஊர்ப் பெரியவரும் வந்துவிட்டார். கையில் ஒரு கட்டு அகத்திக்கீரை. ஆட்டுக்குத்தான். அவரே ஒவ்வொரு கொத்தாக ஊட்டினார். அவளைப் பார்த்து, "நல்ல வேளை ஆத்தா, இந்த ஆடு இருந்துச்சு. இல்லாட்டி அவன் இப்படிப்பட்டவன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

ஜீப்புக்காரர், 'வெரசா ஏத்துங்க' என்றார். அவள் குனிந்து, தோளுக்கு மேலே ஏறாத வலது கையை உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு, இடது கையை ஆட்டின் வயிற்றுக்கு அடியில் கொடுத்தாள். பிள்ளை முன்னங்கால்களைப் பிடித்தது. பெரியவர் பதறிப்போய்க் கிட்டே வந்தார்.

"பார்த்துத் தூக்கு ஆத்தா" என்றார். "பின்னங்கால்ல கை பட்டுறாம. அதுக்கு இன்னும் வலிக்கும்ல."